பெயரை எடுத்துவிட்டால் விற்கும்: ஒரு பத்து விநாடிக் கோப்பைப் பற்றி

1

மேல்பட்டாம்பாக்கத்தில் அக்கா வீட்டு மாடியறையில், போன மழைக்காலத்தில் நாலைந்து இரவுகள் ஒரு கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அக்கா மகன் அதில் பத்து விநாடி ஓடும் ஓர் அசைபடம் செய்திருந்தான். இருட்டான பின்புலத்தில் நெய்வேலிச் சுரங்கத்தில் மண் வெட்டுகிற வாளிச் சக்கர இயந்திரம் மெதுவாகச் சுற்றுகிறது. வாளிகளிலிருந்து கரித்தூள் சரிகிறது. சரிகிற தூள் கீழே வரவர ஒளிப்புள்ளிகளாக மாறி மேலே எழும்புகிறது. கேமரா எடுத்தது எதுவும் அதில் இல்லை, எல்லாம் கணினியில் வரைந்தது. 'மோஷன் கிராபிக்ஸ்' என்று சொல்லப்படுவது இதைத்தான். அவன் அப்பா அந்தச் சுரங்கத்துக்குப் பத்து வருஷம் ஒப்பந்தத் தொழிலாளியாகப் போய்வந்தவர். படம் எங்கிருந்து வந்தது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

"மாமா, நீங்க தமிழ் எம்.ஏ. தானே? இதுக்கு நாப்பத்தொம்போது வார்த்தை குடுங்க" என்றான். வார்த்தை இங்கிலீஷில் வேண்டும் என்று அப்புறம்தான் சொன்னான்.

ஓர் அசைபடத்துக்கு எதற்கு நாற்பத்தொன்பது வார்த்தை? அதில் நெய்வேலி என்ற வார்த்தை ஏன் கடைசியில் வந்தது? இதைப் புரிந்துகொள்ளப் போனபோது, பிம்பம் பற்றியும் பண்டம் பற்றியும் நாம் பக்கம் பக்கமாக எழுதியவற்றில் ஒரு பெரிய இடைவெளி இருப்பது தெரிந்தது. பிம்பம் 'உற்பத்தி செய்யப்படுகிறது' என்று எழுதுகிறோம். எந்தப் பட்டறையில், எந்த அளவுகோலால், யார் கையால் என்று கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. ஆகவே இந்தக் கட்டுரையின் நோக்கம் எளிமையானது. இப்படியொரு கோப்பை இருப்புக் காட்சிச் சந்தைக்கு ஏற்றுவதற்கு முன் அதற்கு என்னென்ன செய்கிறார்கள் என்பதை வரிசையாகச் சொல்வது. ஒவ்வொரு படியிலும் என்ன தீர்மானிக்கப்படுகிறது என்று பார்ப்பது.

2

முதலில் சந்தை. விளம்பரக்காரர், செய்திச் சேனல், கல்யாண வீடியோ எடுப்பவர், அரசு நிறுவனத்துக்குப் படம் செய்பவர் என்று பலருக்கும் துண்டு துண்டாகக் காட்சிகள் தேவைப்படுகின்றன: சுற்றும் பூமி, விழும் மழை, எழும் வரைபடக் கோடு. ஒவ்வொரு தடவையும் புதிதாக எடுக்க முடியாது. யாரோ ஏற்கெனவே செய்து வைத்ததை உரிமக் கட்டணம் கட்டி எடுத்துக்கொள்கிறார்கள். இப்படிச் சேர்த்துவைத்து விற்கும் களஞ்சியங்களே இருப்புக் காட்சிச் சந்தைகள்.

இவற்றின் வரலாறு முதலாளியத்தின் பழைய கதைதான்: சிறியவை பெரியவற்றின் வயிற்றுக்குள் போவது. 2000இல் கனடாவின் கால்கரியில் ஐஸ்டாக்ஃபோட்டோ தொடங்கியது. 2006இல் கெட்டி இமேஜஸ் அதை 5 கோடி டாலருக்கு வாங்கியது. 2003இல் நியூயார்க்கில் ஷட்டர்ஸ்டாக் வந்தது. அடோபி 80 கோடி டாலர் கொடுத்து ஃபோட்டோலியாவை வாங்கி 2015இல் அடோபி ஸ்டாக்காக மாற்றியது. காட்சித்துண்டுகளுக்கென்றே 2006இல் தொடங்கிய பாண்ட்5 2022இல் ஷட்டர்ஸ்டாக்கிடம் போயிற்று. அசைபட வார்ப்புருக்களுக்குப் பேர்பெற்ற வீடியோஹைவை நடத்திய ஆஸ்திரேலியாவின் என்வாட்டோவும் 2024இல் அதே கைக்குப் போனது. 2025 ஜனவரியில் கெட்டியும் ஷட்டர்ஸ்டாக்கும் ஒன்றாக இணையப்போவதாக அறிவித்தன. மாடியறையில் இருப்பவனுக்குப் பல கடைகள் தெரிகின்றன. முதலாளி எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது.

இதில் ஒரு சம்பவம் நெய்வேலிப் பக்கத்து ஆளுக்கு வேறுமாதிரி படும். பில் கேட்ஸின் கார்பிஸ் நிறுவனம் 1995இல் பெட்மன் ஆவணக் காப்பகத்தை, கோடிக்கு மேற்பட்ட பழைய படங்களோடு, வாங்கியது. படச்சுருள்கள் கெட்டுப்போகாமல் இருக்க அவற்றை அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றில், பூமிக்கடியில் குளிரூட்டிய அறைகளில் கொண்டுபோய் வைத்தார்கள். கல்லை எடுத்து முடித்த குழிக்குள் படத்தை வைத்தார்கள். 2016இல் கார்பிஸின் படங்கள் சீன நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டன. சீனாவுக்கு வெளியே அவற்றை விற்பது கெட்டி. மண்ணுக்குள் இருப்பதும் நினைவுக்குள் இருப்பதும் ஒரே மாதிரி 'இருப்பு' என்று கணக்கெழுதப்படும் காலம் இது.

3

இனி கோப்பு. முதல் தீர்மானம் காலம் பற்றியது. அசைபடம் என்பது அசையாத படங்களின் வரிசை. ஒரு விநாடிக்கு எத்தனை சட்டகம் என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்தாக வேண்டும். சந்தைகள் பொதுவாக 23.976, 24, 25, 29.97, 30 ஆகிய வேகங்களை ஏற்கின்றன.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன? நம் ஊர் மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைவுறும் மாறுமின்னோட்டம். அமெரிக்காவில் 60 முறை. தொலைக்காட்சி உருவான நாட்களில், திரையில் மின்சாரத்தின் அலை பட்டையாகத் தெரியாமலிருக்கச் சட்டக வேகத்தை மின் அலைவெண்ணோடு பொருத்தினார்கள். 50இன் பாதி 25. 60இன் பாதி 30. 1953இல் அமெரிக்கா வண்ணத் தொலைக்காட்சிக்குப் போனபோது, வண்ணக் குறிகையும் ஒலிக் குறிகையும் ஒன்றோடொன்று மோதாமலிருக்க 30ஐ ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்தார்கள். அதுதான் 29.97. அன்றைய பெட்டிகள் எல்லாம் குப்பைக்குப் போய்விட்டன, எண் மட்டும் சாகவில்லை. ஆக, நெய்வேலி அனல்மின் நிலையத்தின் சுழலிகளுக்கும் சென்னைத் தொலைக்காட்சியின் 25 சட்டகத்துக்கும் அடியில் ஓடுவது ஒரே தாளம்தான். காலம் என்பது தத்துவ விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அது மின்வாரியத்து விஷயமும்தான் என்று அந்த மாடியறையில் தெரிந்தது.

நடைமுறையில் இதன் பொருள்: 25இல் செய்ததைக் கடைசியில் 30 ஆக்கினால் ஐந்து சட்டகத்துக்கு ஒன்று இரட்டிப்பாகி, ஓட்டம் விக்கும். சோதகர் கண்ணில் அது உடனே படும். எந்த வேகத்தில் விற்க நினைக்கிறோமோ அந்த வேகத்திலேயே முதல் சட்டகத்திலிருந்து வேலை செய்ய வேண்டும். பழைய தொலைக்காட்சி முறையில் ஒரு சட்டகத்தை இரண்டு பாதியாகப் பின்னி அனுப்பும் வழக்கமும் வேண்டாம். முழுச் சட்டகமாகவே கொடுக்க வேண்டும்.

அடுத்தது சுழற்சி. பின்புலமாகப் பயன்படும் அசைபடம் முடிந்த இடமும் தொடங்கிய இடமும் தெரியாமல் திரும்பத் திரும்ப ஓட வேண்டும். வாங்குபவர் பத்து விநாடியை வைத்துப் பத்து நிமிஷம் ஓட்டுவார். 25 சட்டக வேகத்தில் பத்து விநாடிக்கு 250 சட்டகம்; எண்ணிக்கை 0இல் தொடங்கி 249இல் முடியும். 250ஆவது சட்டகம் 0ஐப் போலவே இருக்கும்படி அசைவை அமைத்து, அந்த 250ஆவதை மட்டும் வெட்டிவிட வேண்டும். வெட்டாமல் விட்டால் ஒரே சட்டகம் அடுத்தடுத்து இரண்டு தடவை வந்து, சுழற்சி சந்திக்கும் இடத்தில் ஒரு சின்ன நிற்றல் தெரியும். இவன் கோப்பு முதல் தடவை திரும்பி வந்தது இந்த ஒரு சட்டகத்தால்தான்.

சக்கரம் முழுச் சுற்றுச் சுற்றித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஒரேமாதிரியான பத்து வாளிகள் என்றால் 36 டிகிரி சுற்றினாலே ஒரு வாளி இன்னொன்றின் இடத்துக்கு வந்துவிடும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. வாளிகளில் ஏதாவது ஒன்று நெளிந்திருந்தாலோ, ஒன்றில் மட்டும் துரு இருந்தாலோ இந்தத் தந்திரம் பலிக்காது. உண்மையான இயந்திரத்தில் எந்த இரண்டு வாளியும் ஒன்றுபோல இருப்பதில்லை. சுழற்சிக்கு வேண்டியது தேய்மானம் இல்லாத உலகம். சரியும் தூளுக்கு வேறு வழி: தற்செயல்போலத் தோன்றும் அசைவை, ஒரு குறிப்பிட்ட கால அளவில் தொடக்கத்துக்கே திரும்பும்படி அமைக்கும் வசதி மென்பொருளில் இருக்கிறது. தற்செயலுக்கும் ஒரு கால அட்டவணை!

4

இரண்டாவது, அளவும் எடையும். முழு எச்.டி. என்றால் 1920க்கு 1080 புள்ளிகள். 4கே என்றால் 3840க்கு 2160. கணக்குப் போட்டுப் பாருங்கள். 4கே சட்டகம் ஒன்றில் 82,94,400 புள்ளிகள். புள்ளிக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட். சட்டகத்துக்கு ஏறக்குறைய 25 மெகாபைட். 250 சட்டகத்துக்கு 6.2 ஜிகாபைட். சந்தைகள் ஒரு கோப்புக்கு 4 ஜிகாபைட் அளவில் வரம்பு வைத்திருக்கின்றன; நீளத்துக்கும் ஐந்து விநாடி முதல் அறுபது விநாடி வரை என்று வரம்பு. ஆகவே அமுக்க வேண்டும். வழக்கமாகப் பயன்படுவது புரோரெஸ் 422 எச்.க்யூ. 4கே, 25 சட்டகத்தில் அது விநாடிக்கு 737 மெகாபிட். பத்து விநாடிக்கு 920 மெகாபைட் அளவு. எச்.264 இன்னும் பலமடங்கு சிறியது. தரம் கொஞ்சம் போகும். விநாடிக்கு 5 மெகாபிட் மேலேற்றும் இணைப்பில் அந்த 920 மெகாபைட் போய்ச்சேர இருபத்தைந்து நிமிஷம் ஆகும். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து. நிறையக் கோப்பு வைத்திருப்பவர்கள் உலாவி வழியாக அனுப்பாமல் எஃப்.டி.பி. வழியாக அனுப்புவது இந்தத் தொல்லையைக் குறைக்கத்தான்.

நிறத்தில் ஒரு சிக்கல் உண்டு. 8 பிட் என்றால் ஒரு நிறத்துக்கு 256 படிகள். போதும் என்று தோன்றும். ஆனால் இவன் பின்புலம் இருட்டு. கருப்பிலிருந்து அடர்சாம்பலுக்குப் போவதில் அந்த 256இல் இருபது படிகள்தான் பயன்படுகின்றன. 1920 புள்ளி அகலத்துக்கு இருபது படி என்றால், படிக்கு 96 புள்ளி. மென்மையாக மறைய வேண்டிய இருட்டு, வயல் வரப்புபோலப் பட்டை பட்டையாகத் தெரியும். மருந்து மூன்று: வேலையை 16 பிட்டில் செய்வது, 10 பிட் தாங்கும் வடிவத்தில் வெளியேற்றுவது, கண்ணுக்குத் தெரியாத அளவு 'மணல்' தூவுவது, அதாவது லேசான இரைச்சலைச் சேர்ப்பது. துல்லியமான இருட்டைக் காட்டக் கொஞ்சம் அழுக்கு வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, 'ஆல்ஃபா' எனப்படும் ஒளிபுகு தடம். எனக்கு இதில்தான் அதிக நேரம் போனது. நிறத்துக்கு மூன்று தடம் இருப்பதுபோல, 'இங்கே எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு இல்லை' என்று சொல்ல நாலாவதாக ஒரு தடம். 1970களின் பிற்பகுதியில் எட் கேட்மல்லும் ஆல்வி ரே ஸ்மித்தும் நியூயார்க்கில் இதை உருவாக்கினார்கள். 1984இல் போர்ட்டரும் டஃபும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படங்களை அடுக்குவதற்கான கணிதத்தை எழுதினார்கள். இன்று நாம் பார்க்கும் திரையெல்லாம் இந்தக் கணிதத்தின்மேல் நிற்கிறது. இவன் கரித்தூளை மட்டும், பின்புலம் இல்லாமல், தனியாக விற்கலாம். வாங்குபவர் அதை மணப்பெண் முகத்தின்மேலும் போடலாம், சிமெண்ட் விளம்பரத்தின்மேலும் போடலாம்.

இதில் இரண்டு வகை. விளிம்பிலுள்ள புள்ளியின் நிறத்தைக் கலக்காமல் அப்படியே வைத்து, ஒளிபுகு அளவைத் தனியே கொடுப்பது ஒன்று. நிறத்தை முன்கூட்டியே பின்புலத்தோடு, பெரும்பாலும் கருப்போடு, பெருக்கிக் கொடுப்பது மற்றொன்று. முன்பெருக்கிய கோப்பை வாங்குபவரின் மென்பொருள் மற்ற வகையாக நினைத்துப் படித்துவிட்டால், வெளிச்சமான பின்புலத்தில் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் ஒரு கருப்பு விளிம்பு ஒட்டிக்கொண்டு நிற்கும். எந்த வகை என்பதைக் குறிப்பில் எழுதுவது நல்லது. கலக்காத வகைக்கு வாங்குபவர் தரப்பில் குழப்பம் குறைவு. புரோரெஸ் 4444 இந்த நாலாவது தடத்தைச் சுமக்கும்; 422 எச்.க்யூ. சுமக்காது.

"கருப்பு ஒட்டிக்கிச்சுன்னா தள்ளிடுவாங்க மாமா. எங்கேர்ந்து எடுத்தோம்னு தெரியக்கூடாது" என்றான். தொழில்நுட்பக் குறிப்பாகத்தான் சொன்னான். நான் குறித்துக்கொண்டேன்.

5

நாலாவது, எழுத்து. இந்தச் சந்தைகளில் விற்பனைக்கு வரும் பின்புலங்களில் எழுத்து இல்லாமலிருப்பதே நல்லது; எந்த மொழிக்காரரும் தன் வாசகத்தை மேலே வைத்துக்கொள்ளலாம் என்பதற்காகக் காலி இடம் விடுகிறார்கள். எழுத்து வேண்டுமென்றால் வார்ப்புருவாகச் செய்ய வேண்டும்: வாங்குபவர் மாற்றிக்கொள்ளும்படி வெறும் மாதிரி வாசகம் வைத்த திட்டக் கோப்பு. அதில் அடுக்குகளுக்குத் தெளிவான பெயர், தேவையான துணைக் கோப்புகள் ஒரே உறையில், பயன்படுத்திய எழுத்துருவின் உரிமம் பற்றிய குறிப்பு எல்லாம் இருக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கிய எழுத்துருவையோ, கூடுதல் மென்பொருளையோ உள்ளே வைத்து விற்க முடியாது. தமிழில் நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரன், முக்த மலர், ஹிந்த் மதுரை, மீரா இனிமை போன்றவை திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. இவற்றில் செய்தால் சிக்கல் இல்லை.

இவன் தமிழ்த் தலைப்புக்கு ஒரு வார்ப்புரு செய்து பார்த்திருந்தான். எழுத்து எழுத்தாக மேலிருந்து வந்து விழும் அசைவு. ஆங்கிலத்தில் அழகாக விழுந்தது. தமிழில் 'கொ' வர வேண்டிய இடத்தில் கொம்பு முதலில் விழுந்தது, ககரம் பிறகு விழுந்தது, கால் கடைசியில் வந்து ஒட்டியது. ஏன்? 'கொ' நம் இலக்கணத்தில் ஓர் எழுத்து, உயிர்மெய். ஒருங்குறியில் அது இரண்டு குறியெண்: ககரம் ஒன்று, ஒகரக் குறி ஒன்று. திரையில் அது மூன்று வடிவம். அசைவைக் கட்டுப்படுத்தும் நிரல் எதை 'ஒன்று' என்று எண்ணுகிறதோ அதுதான் விழும். தமிழ் போன்ற எழுத்துமுறைகளைச் சரியாகக் கோக்கும் பொறி இந்த மென்பொருள்களில் வெகுகாலம் இல்லை. பிறகு 'தெற்காசிய' எழுத்துப் பொறி என்று தனியாக ஒன்று வந்தது. அதைத் தேடிப்பிடித்து மாற்றிவைக்காவிட்டால் கொம்பு இடம்மாறி நின்றது. அதனால்தான் நம் கல்யாண வீடியோக்காரர்கள் பலர் ஒருங்குறிக்கு முந்தைய பழைய எழுத்துருக்களை இன்றும் விடாமல் வைத்திருக்கிறார்கள். அசைவில் பிரச்சினையைத் தவிர்க்க, எழுத்துக்குப் பதிலாகச் சொல்லை அலகாக வைத்து அசைப்பதே நடைமுறை வழி.

எழுத்து என்றால் என்ன என்று தொல்காப்பிய உரைகளை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் படித்தவன் நான். அந்தக் கேள்விக்கு இவ்வளவு அவசரமான பயன் இருக்கும் என்று எந்த வகுப்பறையிலும் யாரும் சொல்லவில்லை. எது ஓர் எழுத்து என்பதை இலக்கணம் முடிவு செய்யாத இடத்தில் நிரல் முடிவு செய்கிறது. தமிழறிஞர்களும் நிரலர்களும் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்காமலிருந்தால் ஒகரம் மூன்று துண்டாக விழுந்துகொண்டேதான் இருக்கும்.

6

கடைசியாக, பெயரிடல். அவன் என்னைக் கூப்பிட்டது இதற்காகத்தான்.

கோப்போடு ஒரு தலைப்பும் குறிச்சொற்களும் போக வேண்டும். அடோபி ஸ்டாக்கில் அதிகபட்சம் 49 குறிச்சொல். முதல் பத்துக்குத் தேடலில் மதிப்பு அதிகம், ஆகவே முக்கியமானவை முதலில். ஷட்டர்ஸ்டாக்கில் குறைந்தது 7, அதிகபட்சம் 50. படத்தில் இல்லாததைக் குறிச்சொல்லாகப் போட்டால் குப்பை என்று தள்ளுவார்கள். வணிகப் பெயர், சின்னம் எதுவும் படத்திலும் இருக்கக்கூடாது, சொல்லிலும் இருக்கக்கூடாது. அடையாளம் தெரியும் மனிதர் இருந்தால் அவர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் வேண்டும். நிறையக் கோப்பு இருந்தால் கோப்பின் பெயர், தலைப்பு, குறிச்சொற்கள், வகை எல்லாவற்றையும் ஒரு சி.எஸ்.வி. அட்டவணையில் எழுதி ஒரேயடியாக ஏற்றலாம். கோப்பின் பெயரில் இடைவெளி, தமிழெழுத்து வேண்டாம். ஆங்கில எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் போதும்.

சசூர் குறிப்பானுக்கும் குறிப்பீட்டுக்கும் உள்ள உறவு இடுகுறித்தன்மையானது என்றார். இங்கே அந்த உறவைத் தீர்மானிப்பது தேடுபவரின் பை. ஒரு படத்துக்கு எது பெயர் என்றால், எதைத் தட்டச்சு செய்து காசுள்ளவர் தேடுவாரோ அது. அவன் முதலில் எழுதி வைத்திருந்த பட்டியலில் நெய்வேலி, பழுப்பு நிலக்கரி, சுரங்கம், தமிழ்நாடு என்று இருந்தன. "நெய்வேலின்னு அமெரிக்காவுல யார் மாமா தேடப் போறான்?" என்று அவனே அவற்றைக் கீழே தள்ளினான். மேலே வந்தவை: ஆற்றல், தொழில்துறை, எதிர்காலம், துகள், பின்புலம், சுழற்சி, கருப்பு, பொன். இயந்திரத்தின் பக்கவாட்டில் அவன் ஆசையாக வரைந்திருந்த நிறுவனத்து எழுத்துகளையும் அழிக்க வேண்டியதாயிற்று. இரண்டாவது தடவை கோப்பு திரும்பியதற்குக் காரணம் அவைதான்.

நான் வாயடைத்துப் போனேன் என்று சொன்னால் அது மிகை. ஆனாலும் ஓர் ஊரின் பெயர் பட்டியலில் படிப்படியாக இறங்கி, நாற்பத்தொன்பதில் நாற்பத்தொன்பதாவதாக நிற்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது லேசான காரியம் இல்லை. 1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு வெட்டியபோது தண்ணீரோடு கருப்பாக ஏதோ வந்தது என்பதில் தொடங்குகிறது நெய்வேலிக் கதை. 1956இல் நிறுவனம், 1957இல் நேரு தொடங்கிவைத்த சுரங்க வேலை, 1962இல் மின்சாரம். ஊர்களுக்குப் பெயர் இருந்தது. அவை காலிசெய்யப்பட்ட பிறகு எழுந்த டவுன்ஷிப்பில் வட்டங்களுக்கு எண் வந்தது. 2016இல் நிறுவனத்தின் பெயரிலிருந்தே நெய்வேலி மறைந்து மூன்றெழுத்துச் சுருக்கமும் இந்தியாவும் மிஞ்சின. 2023 ஜூலையில் மேல் வளையமாதேவியில், கதிர் பிடித்த நெல்வயலில் கால்வாய் வெட்ட இயந்திரங்கள் இறங்கின. அந்தக் காட்சியைச் செல்பேசியில் எடுத்தவர்கள் எத்தனையோ பேர். சந்தையின் மொழியில் அவை 'செய்திப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்ற தனி அலமாரிக்குப் போகிறவை, விளம்பரத்துக்கு ஆகாதவை. நம் அசைபடத்தில் இருக்கும் இயந்திரமும் அந்த வயலில் இறங்கிய இயந்திரமும் ஒரே குடும்பம். ஒன்று விற்கும், மற்றது விற்காது. இடத்தின் பெயரும் தேதியும் ஒட்டியிருப்பதுதான் வித்தியாசம்.

கலைப்படைப்பின் ஒளிவட்டம் அது இருக்கும் 'இங்கே, இப்போது' என்பதோடு கட்டப்பட்டது என்று பெஞ்சமின் 1936இல் எழுதியபோது, நகலெடுப்பில் அது உதிர்வதில் ஒரு விடுதலையையும் கண்டார். இங்கே 'இங்கே, இப்போது' தானாக உதிரவில்லை. ஒரு சட்டகத்தை வெட்டி, ஒரு விளிம்பைச் சுத்தம்செய்து, ஒரு பெயரைக் கீழே தள்ளி, மணிக்கணக்கில் உழைத்து உதிர்க்க வேண்டியிருக்கிறது. அந்த உழைப்புக்குத்தான் 'கோப்பைத் தயார்செய்வது' என்று பெயர்.

7

கிடைப்பது என்ன? அடோபி ஸ்டாக்கில் காட்சித்துண்டுக்கு விற்பனையில் 35 சதவீதம். ஷட்டர்ஸ்டாக் 2020 ஜூனில் கொண்டுவந்த முறையில், விற்பனை எண்ணிக்கையைப் பொறுத்து 15 முதல் 40 சதவீதம் வரை ஆறு படிகள். ஒவ்வொரு ஜனவரி 1ஆம் தேதியும் எல்லோரும் மறுபடி முதல் படிக்கு இறக்கப்படுவார்கள் என்ற விதியோடு. பொங்கலுக்குப் பொங்கல் பதவி உயர்வு ரத்தாகும் வேலை வேறெங்காவது உண்டா? 'ராயல்டி ஃப்ரீ' என்ற சொல்லுக்கு இலவசம் என்று பொருள் இல்லை. ஒருமுறை கட்டணம் கட்டியவர் பலமுறை பயன்படுத்தலாம் என்று பொருள். அமெரிக்காவில் விற்ற பங்கின்மேல் அந்நாட்டு வரி 30 சதவீதம் பிடிப்பார்கள். டபிள்யூ-8பென் படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் இரு நாட்டு ஒப்பந்தப்படி 15ஆகக் குறையும். இதைத் தெரியாமல் பல மாதம் இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

இதைவிடப் பெரிய விஷயம் வேறு. 2023 மார்ச்சில் அடோபி வெளியிட்ட ஃபயர்ஃப்ளை, தன் சந்தையில் இருந்த படங்களைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் படம் கொடுத்தவர்களுக்கு ஒரு தொகை கொடுத்தார்கள். 2025 பிப்ரவரியில், வாக்கியம் எழுதினால் அசைபடம் செய்துதரும் வசதியும் வந்தது. கெட்டி 2022 செப்டம்பரிலேயே இப்படி உருவான படங்களைத் தன் சந்தையில் தடைசெய்தது; அடோபி ஸ்டாக் உண்மையைக் குறிப்பிட்டால் ஏற்கிறது. நாம் கவனிக்க வேண்டியது, இந்த இயந்திரங்கள் படத்தையும் சொல்லையும் சேர்த்தே கற்கின்றன என்பது. மாடியறைகளில் தூங்காமல் எழுதிய நாற்பத்தொன்பது சொற்களும் அந்தப் பாடத்தில் சேரக்கூடியவை. அந்தப் பாடத்தில் வாளிச் சக்கரத்துக்கு 'எதிர்காலம்' என்று பெயர் இருந்தால், நாளைக்கு 'எதிர்காலம்' என்று கேட்பவருக்கு வாளிச் சக்கரம் வரும். வளையமாதேவி வராது.

இதை வைத்து இந்தப் பையன்கள் சந்தைக்குப் போகக்கூடாது என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இந்தப் பக்கத்தில் முந்திரியும் பலாவும் 2011 டிசம்பரில் தானே புயலில் விழுந்த பிறகு, இருந்த இடத்திலேயே செய்யும் வேலை என்றால் என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். தூய்மைவாதம் சம்பளம் உள்ளவனுக்கு வாய்க்கிற சௌகரியம். அவன் விற்கட்டும்.

நான் அவனிடம் கேட்டது ஒன்றுதான். சந்தைக்குப் போகும் கோப்பைத் தவிர இன்னொரு கோப்பும் வைப்போம். சுழற்சி இல்லாதது, வாளிகள் ஒன்றுபோல இல்லாதது, கரி எங்கிருந்து வருகிறது, எந்த ஊர் இருந்த இடம் என்று தமிழில் எழுத்து ஓடுவது. விக்கிமீடியா காமன்ஸ் போன்ற பொதுக் களஞ்சியத்தில் அதைத் தமிழ்த் தலைப்போடும் தமிழ் விவரணையோடும் வைக்கலாம். அங்கே எம்.பி.4 ஏற்க மாட்டார்கள்; வெப்எம் போன்ற கட்டற்ற வடிவத்துக்கு மாற்ற வேண்டும். உரிமம் திறந்ததாக இருக்க வேண்டும். ஆகவே விற்கிற கோப்பையே அங்கேயும் போடுவது புத்திசாலித்தனம் இல்லை. தனியாகச் செய்வதே சரி. இயக்கங்களில் இருக்கும் தோழர்களுக்கும் இதே யோசனைதான். போராட்டக் காட்சிகளைச் செல்பேசிக்குள் சாக விடாமல், ஊர்ப்பெயர், தேதி, பேசியவர் ஒப்புதல் ஆகியவற்றோடு சேர்த்து வையுங்கள். குறிச்சொல் இடும் வேலையைச் சந்தைக்காரர்கள் மட்டும் செய்துகொண்டிருந்தால், சொற்கள் அவர்கள் பக்கமே சாய்ந்திருக்கும்.

"ரெண்டாவதுக்குக் காசு வராதே மாமா" என்றான்.

வராது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமலிருந்தான். அப்புறம் சந்தைக்கான கோப்பை ஏற்றுவதற்குப் போட்டுவிட்டு, அது போய்ச்சேரும் அந்த இருபத்தைந்து நிமிஷத்தில் இரண்டாவதற்கு ஒரு புதுக் கோப்பைத் திறந்தான். எந்தெந்த ஊர் பெயர் போட வேண்டும் என்று கேட்டான். எனக்கு எல்லாம் தெரியவில்லை. கீழே போய் அவன் அப்பாவை எழுப்பினோம்.